தேற்றாத்தீவில் கற்ற பாடம்

தோட்டத்துப் பிள்ளைகளோடு நாங்கள் ஒருநாள் மட்டக்களப்புக்குத் தெற்கே தேற்றாத்தீவுக்குப் போனோம். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியில் கண்டல் மரங்களைப் பார்த்தோம். அவற்றின் வேர்கள் சேற்றைப் பிடித்துக் கரையைக் காக்கும். மீன், இறால் குஞ்சுகளும் அங்கேதான் வளரும்.

தேற்றா மரத்தால் வந்த ஊர்ப்பெயர் என்பார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்ளே உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றினால், மண் அடியில் படிந்து நீர் தெளியும்.

"அப்ப அந்தத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா ஐயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

கூடாது. தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி அதனால் வரும். நம்ம பீலித் தண்ணீரும் அப்படித்தான். கண்ணாடி போல இருந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடி வைத்துக் குடியுங்கள்.