கதை முடிகிற கேமை வாங்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்துதான் பதிலாக வருகிறது, அதனால் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் பாதிகூடப் படிக்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவாய். காகிதம் என்றால் ஒரு மரியாதைக்காவது கடைசிவரை படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

மூன்று கேம் பெயரை அனுப்பி எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நம் குடும்பத்தில் இந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்க முடியும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அந்த மெசேஜ் வந்த நேரம் விடியற்காலை மூன்றே முக்கால். அதையும் பார்த்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

மூன்றுமே நல்ல கேம்கள். எதை எடுத்தாலும் காசு வீண் போகாது. முடிவு உன்னுடையது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவற்றின் கதி என்ன? தீபாவளிக்கு வந்தபோது உன் லேப்டாப்பில் பார்த்தேன். நியர் ஆட்டோமேட்டாவில் முதல் தடவை பெயர்ப் பட்டியல் ஓடியதும் முடிந்துவிட்டது என்று மூடிவிட்டாய். அதைச் செய்த யோக்கோ தாரோ அதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 26 முடிவு வைத்திருக்கிறார். முக்கால்வாசி விளையாட்டுக்கு வைத்தவை. ஆனால் ‘ஏ’ முடிவோடு நிறுத்தி, ‘ஈ’ வரை போகாதவர்கள் அந்தக் கதையைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. யாக்குசா லைக் எ டிராகனில் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மஜிமாவும் சாஎஜிமாவும் சேர்ந்து அடித்துப் போட்டதும், கேமே சரியில்லை என்று விட்டுவிட்டாய். அந்தச் சண்டைக்கு முன்னால் லெவல் ஏற்றிக்கொள்வதற்கென்றே ஒசாகாவில் ஓர் அரங்கம் திறந்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திட்டவில்லை, சொல்கிறேன்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன்.

பெர்சோனா 5 ராயல். ஜப்பானில் 2016-ல் வந்த கேமை அட்லஸ்காரர்கள் 2019-ல் இன்னும் விரித்து ராயல் என்று கொடுத்தார்கள். செய்யாத குற்றத்துக்குக் கேஸ் ஆகி, பழைய பள்ளியில் இடமில்லாமல் டோக்கியோவுக்கு வருகிற பையன். கெட்டுப்போன பெரியவர்களின் மனசுக்குள் புகுந்து திருடுகிற கூட்டத்துக்குத் தலைவன் ஆகிறான். ஏப்ரலில் தொடங்கி நாள்காட்டி ஒவ்வொரு நாளாக நகரும். கையில் ஒரு சாயங்காலம் இருக்கிறது. படிப்பதா, நண்பனைப் பார்ப்பதா, சாப்பாட்டுக் கடையில் பகுதிநேர வேலைக்குப் போவதா என்று நீதான் முடிவு பண்ண வேண்டும். கழிந்துபோகிற நாளுக்கு ஒரு விலை உண்டு என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய கேம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் நூறு மணி நேரம் கேட்கும். ராயலில் புதிதாகச் சேர்த்த கடைசிப் பகுதி வேண்டுமென்றால், பள்ளிக்கு ஆலோசகராக வருகிற மருக்கியோடு நவம்பர் 18-க்குள் ஒன்பதாம் படிவரை பழகியிருக்க வேண்டும். தவறவிட்டால் கதை முன்னாலேயே முடிந்துபோகும், நீயும் முடித்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வாய். இப்போது இருக்கிற லட்சணத்தில் நீ ஜூலை மாதத்தையே தாண்டமாட்டாய் என்பது என் கணக்கு. அதில் மொர்கானா என்று ஒரு பூனை வரும். ராத்திரியானால் போய்ப் படு, போய்ப் படு என்று அந்தப் பையனை விரட்டிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர்கள் எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். நான் பூனையின் கட்சி.

அடுத்தது ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபர்த். இதில் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. 1997-ல் வந்த பழைய கேம் மூன்று சிடி. உன் அப்பா சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பர்மா பஜாரில் வாங்கி வந்தார். நாயகனோடு கூட வருகிற ஏரித் சாகிற இடத்தோடு முதல் சிடி முடியும். எழுந்து போய் இரண்டாவதைப் போட எனக்குக் கையே வரவில்லை. அதையும் முடித்தேன். மூன்றாவதைத் தேடினால் இல்லை. உன் அப்பா அதை மட்டும் எடுத்துக் கூட வேலை பார்த்தவருக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு மாற்றல் வந்தது, சிடியும் அவரோடு போனது. கதையின் கடைசித் துண்டை மட்டும் தனியாக எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிற மனுஷரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? கேட்டதற்கு, ‘கடைசில ஜெயிச்சிருவாங்க, விடும்மா’ என்றார். வில்லன் செஃபிராத்தை நான் பல வருஷம் கழித்துத்தான் தீர்த்துக்கட்டினேன். மொட்டை மாடியில் உன் அப்பா பாதியில் விட்டு இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பிகளைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதவில்லை.

இப்போது ஸ்கொயர் எனிக்ஸ்காரர்களே அதே கதையை மூன்றாக வெட்டி மூன்று விலைக்கு விற்கிறார்கள். பழைய கேமில் ஐந்தாறு மணி நேரத்தில் கடந்துவிட்ட மிட்கார் நகரம்தான் 2020-ல் வந்த முதல் பாகம் முழுக்க. 2024-ல் வந்த ரீபர்த், பழைய முதல் சிடி முடிந்த அதே இடத்தில் முடிகிறது. மூன்றாவது இன்னும் வரவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். குவீன்ஸ் பிளட் என்று நடுவில் வருகிற சீட்டாட்டத்துக்கே பாதிக் காசு கொடுக்கலாம். ஆனால் மூன்றாவது துண்டுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போதாததற்கு உன் லேப்டாப்பில் 150 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும்.

மூன்றாவது, ட்ரெய்ல்ஸ் இன் தி ஸ்கை. ஃபால்காம் 2004-ல் செய்ததை 2025-ல் புதிதாகக் கட்டி வெளியிட்டிருக்கிறார்கள். எஸ்டெல், ஜோஷுவா என்று இரண்டு இளசுகள், காணாமல்போன அப்பாவைத் தேடிக்கொண்டே லிபெர்ல் ராஜ்யம் முழுக்கச் சுற்றுகிற கதை. துளி அவசரம் கிடையாது. கதை ஓர் அடி நகர்ந்தால் போதும், ஊரில் இருக்கிற ஒவ்வொருவரும் புதிதாக ஏதாவது பேசுவார்கள். அதைக் கேட்பதற்காகவே தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். எனக்கு உயிர். ஆனால் கடைசி இரவில் ஓர் உண்மை வெளியே வரும், அப்படியே திரையை இழுத்து மூடிவிடுவார்கள். ஜப்பான்காரர்கள் அடுத்த பாகத்துக்கு 2006 வரை காத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ஆடுகிற நமக்கு முதல் பாகம் 2011-ல் வந்தது, இரண்டாவது 2015-ல். அதற்குப் பிறகும் கதை ஓயவில்லை, பத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. எடுத்ததை முடிக்கிறவர்களுக்கு அது வரம். உனக்கு இப்போது வேண்டாம்.

உன் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லட்டுமா? கட்டாயம் ஒன்றும் இல்லை.

டிராகன் குவெஸ்ட் 5. 1992-ல் வந்தது. எழுதியது யூஜி ஹோரி, படம் வரைந்தது டிராகன் பால் வரைந்த அகிரா தோரியாமா. போனிலேயே கிடைக்கிறது, நெட்டுக்குத்தாகப் பிடித்து ஒரு கையாலேயே ஆடலாம். ஏறக்குறைய முப்பது மணி நேரம். ஒரே தடவை காசு, தொடக்கமும் நடுவும் முடிவும் அதற்குள்ளேயே இருக்கும்.

நீ ஒரு சின்னப் பையன். அப்பா பாங்கிராஸின் பின்னாலேயே ஊர் ஊராக நடக்கிறாய். நாயகன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான், அந்த விஷயத்தில் உனக்குப் பழக வேண்டிய அவசியமே இருக்காது. வழியில் சண்டை வந்தால் அப்பா வாளை வீசுவார், நீ ஏதோ உன்னால் ஆனதைச் செய்வாய். சண்டை முடிந்ததும் நீ கேட்காமலேயே மந்திரம் போட்டு உன் காயத்தை ஆற்றிவிட்டு அவர்பாட்டுக்கு நடப்பார். அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. ஆடுகிற நாமும் கவனிப்பதில்லை. அவர் இல்லாமல் போன பிறகு, சண்டை முடிந்தும் காயம் அப்படியே இருப்பதைப் பார்க்கிறபோதுதான் உறைக்கும்.

எப்படிப் போகிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. பையனுக்குப் பத்து வருஷம் அடிமை வாழ்க்கை. தப்பித்து ஊருக்கு வந்தால், ஒரு குகையில் அப்பா ஒளித்துவைத்த வாளும் அவர் எழுதிய கடிதமும் கிடைக்கும். வாளைத் தூக்கிப் பார்ப்பான், வராது. எல்லோரும் தேடுகிற அந்த வீரன் அவன் கிடையாது. மற்ற கேம் எல்லாம் நீதான் உலகத்தைக் காக்கப் பிறந்தவன் என்று தலையில் தூக்கி வைத்து ஆடும். இந்தக் கேம், உன் வேலை வேறே, அதைச் செய் என்று சொல்லும். அப்பா விட்ட இடத்திலிருந்து தேடிக்கொண்டே நடக்க வேண்டும். நடுவில் கல்யாணம் வரும். சின்ன வயசுத் தோழி பியாங்காவா, பணக்கார வீட்டு நேராவா என்று ஜப்பானில் முப்பது வருஷமாக வாக்குவாதம் நடக்கிறது. பியாங்காவைக் கட்டு. முடிவு உன்னுடையது.

கடைசிப் பகுதியில், குழந்தை குட்டி பெற்று வளர்ந்த ஆளாகப் பழைய ஊருக்கு, பழைய காலத்துக்கே, ஒரு தடவை போக வழி கிடைக்கும். வீட்டுக்குள் அப்பா இருப்பார். உன்னை யாரென்று அவருக்குத் தெரியாது. அவரோடு பேசாமல் வந்துவிடாதே.

என்ன சொல்லவருகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும், நீ கெட்டிக்காரன். வேலையை விட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த மேனேஜரோடு நானாக இருந்தாலும் இருந்திருக்கமாட்டேன். ஒரு வருஷமாவது முடித்துவிட்டு வந்திருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. சித்திரையில் அன்றைக்கு உன் அப்பா கேட்டது, அடுத்து என்ன என்று மட்டும்தான். கேட்ட விதம் கோணல். எதையும் சரியாக முடிக்கத் தெரியாதவர், பேச்சையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார். நீ மறுநாள் பஸ் ஏறிவிட்டாய். இரண்டு பேரும் ஒரே அச்சு. போன மாசம் வாடகை கேட்டு வீட்டுக்காரர் ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்தாயா? அதற்கு மேல் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

சரி, அதிகமாகப் பேசிவிட்டேன். கேம் வாங்கலாமா என்று கேட்ட பிள்ளைக்கு இவ்வளவு எழுதியிருக்கிறேன் பார். நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை, கண்ணு. உன் வயசில் எனக்கு இதில் பாதித் தைரியம் கிடையாது. அந்த மூன்றும் வேண்டுமென்றால் மூன்றையுமே வாங்கிக்கொள், சேல் வரட்டும், பணம் நான் போடுகிறேன். எதையும் முடிக்காமல் விட்டாலும் நீ என் மருமகன்தான், அதில் மாற்றம் இல்லை. பொங்கலுக்கு வா, உனக்குப் பிடித்த எள்ளுருண்டை பிடித்து வைக்கிறேன். மூன்றே முக்கால் மணிவரை விழித்திருக்காதே. சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிஸ்கட் தின்னாதே.

டிராகன் குவெஸ்ட் ஐந்தாவதை மட்டும் முதலில் வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா வீட்டில்தான் இருப்பார். ஒரு போன் பண்ணு. பேச விஷயம் இல்லையென்றால், அந்த மூன்றாவது சிடியை யாரிடம் கொடுத்தார் என்று கேள். எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அத்தை