கடல் புகுந்த நகரம்

கடற்கரையில் வாழும் மக்கள் புயலை நன்கு அறிவர். வங்கக் கடலில் எழும் பெரும்புயலைச் சைக்லோன் என்பர். சீனக் கடலில் எழுவதை டைபூன் என்பர். அட்லாண்டிக் பெருங்கடலிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் எழுவதை ஹரிக்கேன் என்பர். பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. கதிரவனால் வெப்பமுற்ற கடல்நீர் ஆவியாகி மேலெழுகின்றது. அதனால் அவ்விடத்தில் காற்றின் அழுத்தம் குறைகின்றது. சுற்றிலும் உள்ள காற்று அவ்விடம் நோக்கி விரைந்து வருகின்றது. ஆயினும் புவியின் சுழற்சியால் அது நேரே செல்லாமல் வளைந்து சுழல்கின்றது. இச்சுழற்சியே புயல்.

புயல் என்றவுடன் காற்றின் வேகமே நம் நினைவிற்கு வரும். ஆனால் காற்றினும் கொடியது அது கொண்டுவரும் கடல்நீரே. கடும்புயல் கடல்நீரைத் தள்ளிக் குவித்துக் கரையின்மேல் ஏற்றிவிடுகின்றது. இக்கடற்பெருக்கால் மாண்டோர் தொகை காற்றால் மாண்டோர் தொகையினும் மிகப் பெரிது. இவ்வுண்மையைத் தன் இழப்பால் உணர்ந்த நகரம் ஒன்றும், தன் வாழ்வால் உணர்ந்த அறிஞர் ஒருவரும் உண்டு. அந்நகரம் கால்வெஸ்டன், அவ்வறிஞர் ஐசக் கிளைன்.

கால்வெஸ்டன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்ஸாஸ் மாநிலத்தின் கரையை அடுத்துள்ள தீவு நகரம். தெற்கே மெக்ஸிகோ வளைகுடா, வடக்கே விரிகுடா, இரண்டிற்கும் நடுவே நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் மணல்திட்டு. 1900-ஆம் ஆண்டில் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 38,000. பருத்தி ஏற்றுமதியில் சிறந்து விளங்கிய துறைமுகம் அது. மாட மாளிகைகளும் அகன்ற தெருக்களும் நிறைந்திருந்தன. ஆனால் நகரின் மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திற்கு மேல் ஒன்பது அடியை எட்டவில்லை. செல்வத்தில் உயர்ந்த நகரம் நிலத்தில் தாழ்ந்து கிடந்தது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அதே கரையில் தென்மேற்கே இண்டியனோலா என்னும் துறைமுகம் இருந்தது. 1875-இல் ஒரு புயல் அதனைச் சிதைத்தது. 1886-இல் மற்றொரு புயல் அதனை அழித்தே விட்டது. எஞ்சிய மக்கள் ஊரைக் கைவிட்டு அகன்றனர். அதனைக் கண்ட கால்வெஸ்டன் மக்களுள் சிலர், கடலோரத்தில் உறுதியான சுவர் ஒன்று எழுப்ப வேண்டும் என்றனர். பேச்சு எழுந்தது, சுவர் எழவில்லை.

அரசாங்க வானிலை நிலையத்தின் தலைவராக ஐசக் கிளைன் 1889-இல் அந்நகருக்கு வந்தார். அவர் மருத்துவமும் கற்றவர். கடமையில் கண்ணுங்கருத்துமாக இருப்பவர். 1891-இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் தோன்றும் புயல்கள் வடக்கும் கிழக்குமாக வளைந்து செல்வனவே அன்றி டெக்ஸாஸ் கரைக்கு வருவது அரிது. வந்தாலும் எதிர்க்கரையின் தாழ்ந்த நிலத்தில் நீர் பரவிவிடும். ஆதலால் நகருக்குப் பெருங்கேடு நேரும் என்று அஞ்சுவது வீண் மயக்கமே என்பது அவர் கருத்து. கற்றறிந்தவர் சொல் அன்றோ? மக்கள் அதனை நம்பினர். சுவரைப் பற்றிய பேச்சும் அடங்கியது.

1900-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் கியூபா தீவின்மேல் ஒரு புயல் கடந்து சென்றது. அது மேற்கே வளைகுடாவினுள் புகும் என அத்தீவின் வானிலை அறிஞர் கருதினர். வாஷிங்டனில் இருந்த தலைமை நிலையத்தாரோ, அது புளோரிடாவின் பக்கம் திரும்பி வடக்கே சென்றுவிடும் எனக் கணித்தனர். கியூபா அறிஞரின் புயற்செய்திகள் தந்தி வழியே வருவதையும் அவர்கள் தடுத்திருந்தனர். புயல் அவர்கள் கணக்கிற்கு அடங்கவில்லை. வெதுவெதுப்பான வளைகுடாவின்மேல் வலிமை பெற்று, கால்வெஸ்டனை நோக்கி வந்தது. செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை, நகரின் வானிலை நிலையத்தில் கறுப்புச் சதுரம் பொறித்த செங்கொடி ஏற்றப்பட்டது. புயல் வரக்கூடும் என்பதே அதன் பொருள். எத்தகைய புயல் என்பதை அக்கொடி எவ்வாறு கூறும்?

சனிக்கிழமை விடியற்காலையில் கிளைன் கடற்கரையில் நின்று அலைகளை நோக்கினார். நீண்டு பருத்த அலைகள் தென்கிழக்கிலிருந்து மெல்ல மெல்ல வந்து மோதின. காற்று வடக்கிலிருந்து வீசிற்று. நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று நீரைப் பின்வாங்கச் செய்தல் வேண்டும். ஆனால் நீர் காற்றை எதிர்த்துக் கரையேறிக் கொண்டிருந்தது. இத்தகைய நிகழ்ச்சியை அதற்குமுன் கண்டதில்லை என்று அவர் வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். பின்னர்த் தம் குதிரைவண்டியில் கடற்கரை நெடுகச் சென்று, தாழ்ந்த இடங்களை விட்டு நீங்குமாறு மக்களை எச்சரித்ததாக அவரே எழுதியுள்ளார்.

மக்களுள் பலர் அஞ்சவில்லை. தெருக்களில் நீர் புகுவது அவர்களுக்குப் புதிதன்று. சிறுவர் தேங்கிய நீரில் துள்ளி விளையாடினர். பெரியோர் டிராம் வண்டியில் ஏறி அலைகளின் அழகைக் காணச் சென்றனர். நண்பகலுக்குள் கடலோரக் குளியல் மண்டபங்கள் நொறுங்கின. எதிர்க்கரைக்குச் செல்லும் பாலங்களும் பயனற்றுப் போயின. வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் வீடு திரும்ப விரைந்தபோது, தீவினின்று வெளியேற வழி இல்லை.

அப்பொழுது நகரம் இருபுறமும் நெருக்குண்டது. வடக்குக் காற்று விரிகுடாவின் நீரைத் தெருக்களில் தள்ளிற்று. தெற்கே வளைகுடாவின் நீர் உயர்ந்து கொண்டே வந்தது. வானிலை நிலையத்தில் பணிபுரிந்த கிளைனின் தம்பி ஜோசப், மாலை மூன்றரை மணி அளவில், நகரம் நீரில் மூழ்குகின்றது என்னும் செய்தியைத் தொலைபேசி வழியே ஹூஸ்டனுக்கு அறிவித்தார். சிறிது நேரத்தில் அக்கம்பியும் அறுந்தது. ஆறேகால் மணிக்குக் காற்றின் வேகம் மணிக்கு 100 மைல் என்று பதிவாயிற்று. அதற்குப்பின் வேகத்தை அளந்த கருவியையே காற்று பெயர்த்தெறிந்தது.

கிளைனின் வீடு புயலைத் தாங்கும் வண்ணம் உறுதியாகக் கட்டப்பட்டது. அதனை நம்பி ஏறத்தாழ ஐம்பது பேர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். மேல்மாடியில் அவர் மனைவி கோரா நோயுற்றுக் கிடந்தார். நகரின் நடுப்பகுதிக்குச் சென்றுவிடலாம் என்றார் ஜோசப். நோயாளியையும் மூன்று பெண்மக்களையும் அவ்வெள்ளத்தில் அழைத்துச் செல்வது அரிது. வீடு தாங்கும் என்றார் கிளைன். ஏழரை மணிக்கு அவர் முன்வாயிலில் நின்று வெளியே நோக்கிக் கொண்டிருந்தார். வீட்டினுள் நீர் ஒரு சாண் அளவே இருந்தது. திடீரென்று, நான்கு நொடிப்பொழுதில் நான்கு அடி நீர் உயர்ந்தது. அவர் நின்ற இடத்தை விட்டு நகருமுன் நீர் இடுப்பிற்கு மேல் ஏறிவிட்டது. புயலின் நடுப்பகுதி நகருக்கு மேற்கே கடந்துகொண்டிருந்தமையால், காற்று கிழக்கும் தென்கிழக்குமாகத் திரும்பி, வளைகுடாவையே நகரின்மேல் தள்ளத் தொடங்கிவிட்டது.

வீடு நீருக்குத் தோற்கவில்லை. நீர் கொணர்ந்த சிதைவுகளுக்குத் தோற்றது. டிராம் பாதையின் ஒரு பெரும்பகுதி, மரங்களும் தண்டவாளங்களும் பிணைந்தபடியே மிதந்து வந்து, அலைக்கு அலை சுவரில் மோதிற்று. எட்டரை மணி அளவில் வீடு சாய்ந்தது. ஜோசப் மூத்த பெண்கள் இருவரின் கைகளைப் பற்றிக்கொண்டு, பலகணியை முதுகால் உடைத்து வெளியே பாய்ந்தார். கிளைன் மரங்களுக்கிடையே சிக்கி நினைவிழந்தார். நினைவு மீண்டபோது அவர் நீரின்மேல் இருந்தார். மின்னல் ஒளியில் அருகே தம் இளைய மகள் மிதப்பதைக் கண்டு வாரி எடுத்தார். கோராவைக் காணவில்லை. வீட்டில் இருந்த ஐம்பதின்மருள் உயிர் தப்பியவர் பதினெண்மரே.

உடைந்த மரக்கூளத்தின்மீது அவர்கள் மூன்று மணி நேரம் மிதந்தனர். காற்றில் பலகைகள் அம்புகள்போல் பறந்து வந்தன. உடன்பிறந்தார் இருவரும் காற்றிற்கு முதுகு காட்டி அமர்ந்து, பலகைகளைக் கேடயமாகப் பிடித்து, குழந்தைகளை முன்னே அணைத்துக் கொண்டனர். நீரில் தத்தளித்த வேறொரு சிறுமியையும் தூக்கிக் காத்தனர். அவ்வேளையில் ஜோசப்பின் நாய் நீந்திவந்து ஏறியது, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்தது, யாரோ ஒருவர் குறைவதை உணர்ந்தாற்போல் மீண்டும் நீரில் பாய்ந்தது, திரும்பி வரவில்லை. இதனை ஜோசப் தம் நினைவுகளில் எழுதியுள்ளார். கடைசியில் இடியாது நின்ற ஒரு வீட்டை அவர்கள் அடைந்தனர். அவ்வளவு நேரம் அலைந்தும், புறப்பட்ட இடத்திலிருந்து முந்நூறு கஜத் தொலைவிலேயே கரை சேர்ந்திருந்தனர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் அமைதியாக இருந்தது, நகரம்தான் இல்லை. 3,600-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இறந்தோர் குறைந்தது ஆறாயிரவர். எண்ணாயிரவர் இருக்கலாம் என்பர். கடலோர அனாதை இல்லத்தில் கன்னியர் பதின்மர், சிறுவர் நீரில் பிரிந்து போகாதவாறு அவர்களைக் கயிற்றால் தம்மோடு பிணைத்துக் கொண்டனர். தொண்ணூறு சிறுவரும் பத்துக் கன்னியரும் ஒருங்கே மாண்டனர். மூன்று சிறுவரே பிழைத்தனர். செப்டம்பர் மாத இறுதியில் கோராவின் உடல் கிடைத்தது. எந்த மரக்கூளம் கணவரையும் மக்களையும் காத்ததோ, அதன் அடியிலேயே அவ்வுடல் இருந்தது.

துயரம் ஆறாத நிலையிலும் கிளைன் தம் அலுவலை விடவில்லை. புயல் நிகழ்ந்து பதினைந்து நாள்களுக்குள் அதனைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மனைவியின் மறைவையும் சில வரிகளில் கூறி, நீரின் உயரம், காற்றின் திசை, அழுத்தத்தின் அளவு ஆகியவற்றை முறையாகத் தொகுத்தார். துறைமுகத்தின் அலைதடுப்பு அணையால் ஓரளவு மறைக்கப்பட்ட வடகிழக்குப் பகுதியில் சேதம் பாதியளவே என்பதைச் சுட்டிக் காட்டினார். அலைகளை உடைக்கும் கடற்சுவர் ஒன்று இருந்திருந்தால் பல உயிர்களும் உடைமைகளும் தப்பியிருக்கும் என்று எழுதினார். ஒன்பது ஆண்டுகளுக்குமுன் அச்சம் வீண் என்று எழுதிய அதே கை இதனையும் எழுதிற்று.

நகர மக்கள் இம்முறை காலந் தாழ்த்தவில்லை. பொறியியல் வல்லுநர் மூவர் கொண்ட குழுவை அமைத்தனர். 1902-இல் தொடங்கி 1904-இல் கடற்சுவரின் முதற்பகுதியை முடித்தனர். அதன் உயரம் 17 அடி. நீளம் மூன்று மைலுக்கு மேல். மோதும் அலை மேல்நோக்கி எறியப்படும் வண்ணம் அதன் முகப்பை வளைவாக அமைத்தனர். சுவரோடும் அவர்கள் நிற்கவில்லை. நகரத்தின் நிலத்தையே உயர்த்தத் துணிந்தனர். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அவற்றின் அடியில் மணலை நிரப்பினர். மூவாயிரம் டன் எடையுள்ள மாதா கோயில் ஒன்றை எழுநூறு ஜாக்கிகளால் ஐந்து அடி உயர்த்தினர். பல ஆண்டுகள் மக்கள் பலகைப் பாலங்களின்மீது நடந்து தம் வேலைகளைச் செய்து வந்தனர்.

1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழ அதே வலிமையுள்ள புயல் ஒன்று அந்நகரைத் தாக்கியது. சுவர் நின்றது, நகருள் இறந்தோர் மிகச் சிலரே. ஆயினும் கடல் தோற்றுவிட்டது என்று எவரும் கூறுதல் இயலாது. 2008-இல் ஐக் என்னும் புயல் வந்தபோது, நீர் சுவரில்லாத விரிகுடாப் பக்கமாக நகரினுள் நுழைந்தது. ஒரு வாயிலை அடைத்தோர் மறுவாயிலையும் நோக்குதல் வேண்டும் என்பதை அது நினைவூட்டிற்று.

கிளைன் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மாற்றப்பட்டு, தம் எஞ்சிய பணிக்காலத்தைப் புயல்களின் ஆராய்ச்சியிலேயே கழித்தார். காற்றை மட்டுமன்று, கரையில் உயரும் நீரையும் அளந்து அறிதல் வேண்டும் என்பதை நிலைநாட்டினார். 1926-இல் வெப்பமண்டலப் புயல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1955-இல், தம் தொண்ணூற்று மூன்றாம் அகவையில், அவர் மறைந்தார்.

நேற்றுவரை வராத வெள்ளம் நாளையும் வாராது என்று எண்ணுவது அறிவன்று, பழக்கமே. கற்றவரும் தவறுவர். ஆனால் உண்மை எதிரே நிற்கும்போது தம் பழைய கருத்தைக் கைவிட்டு, கண்டதைக் கண்டவாறே உலகிற்கு உரைப்பவரே மெய்யான அறிஞர். அவ்வாறு உரைப்பது எளிதன்று. மனைவியை இழந்த மனிதருக்கு அது எத்துணை அரிதாயிருந்திருக்கும்! அவ்வுரையைக் கேட்டுச் செயற்படும் மக்களே தம் ஊரைக் காத்துக்கொள்வர்.

பயிற்சி

1. இண்டியனோலாவின் அழிவு கால்வெஸ்டன் மக்களுக்கு அளித்த எச்சரிக்கை யாது? அதனை அவர்கள் ஏன் புறக்கணித்தனர்?
2. சனிக்கிழமை காலையில் கடற்கரையில் கிளைன் கண்ட வியப்பிற்குரிய நிகழ்ச்சி எது?
3. புயலில் காற்றினும் நீரே கொடியது என்பதைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
4. நகரைக் காக்க மக்கள் மேற்கொண்ட இரு பெரும் பணிகளை விவரிக்க.
5. கிளைன் 1891-இல் எழுதியதையும் 1900-இல் எழுதியதையும் ஒப்பிட்டு, அவர் பண்பைப் பற்றி ஒரு பத்தி வரைக.