காரில் ஒலியமைப்பு: நாமே பொருத்தும் முறை

வேலூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்குச் செல்வோர் பலரும் காட்பாடி, சித்தூர் வழியாகவே காரில் பயணம் செய்கின்றனர். சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியே திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விடியற்காலையில் நல்ல இசை துணைக்கு வேண்டுமென விரும்புவது இயல்பே.

எங்கள் பழைய காருக்கு நாங்களே ஒலியமைப்பைப் பொருத்தினோம். சந்திரகிரியை நெருங்குகையில் பாட்டு சட்டென்று நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வரும் மின்கம்பி, இரும்புத் தகட்டின் துளையில் உரசி உறை கிழிந்துவிட்டது. துளையில் ரப்பர் வளையம் இடாதது எங்கள் பிழை. அந்தச் சிறு ஃபியூஸ் இல்லாதிருப்பின், பேட்டரியின் முழு மின்னோட்டமும் அக்கம்பி வழியே பாய்ந்து காரே தீப்பிடித்திருக்கக்கூடும். ஆகவே ஃபியூஸிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறோம்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் அமையவேண்டும். ஆம்ப்ளிஃபயர் அருகில் மட்டும் வைத்தால், இடைப்பட்ட கம்பிக்குக் காப்பு இல்லை. அளவைக் கணக்கிடுவதும் எளிதே. நான்கு ஒலிபெருக்கிகளுக்குத் தலா 50 வாட் எனில் மொத்தம் 200 வாட். சாதாரண ஆம்ப்ளிஃபயர் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி வெப்பமாகிவிடும். எனவே 400 வாட் தேவை. 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 33 ஆம்பியர். 40 ஆம்பியர் ஃபியூஸும் 8 கேஜ் செம்புக் கம்பியும் போதும். மலிவாகக் கிடைப்பவற்றுள் செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பியும் உண்டு, பார்த்து வாங்குக.

அட்டையில் அச்சிட்டிருக்கும் 'அதிகபட்ச வாட்' எண்ணை நம்பவேண்டாம்; ஆர்.எம்.எஸ். அளவே மெய்யானது. உண்மையில், பலருக்கு ஆம்ப்ளிஃபயரே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. உணர்திறன் 3 டெசிபல் கூடுதலாகவுள்ள ஒலிபெருக்கியை வாங்கினால், பாதி மின்திறனில் அதே ஒலி கிட்டும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுக. ஏர்பேக்குக்குரிய மஞ்சள் இணைப்புகளைத் தொடவே கூடாது. காருடன் வந்த கம்பிகளை வெட்டாமல் அதற்கான கப்ளரைக் கொண்டு இணைத்தால், உத்தரவாதம் பற்றிய வழக்கு எழாது. எர்த் கம்பியைப் பெயின்ட் சுரண்டிய வெற்றுத் தகட்டில் இறுக்குக. மின்கம்பி ஒருபுறமும் ஒலிக்கம்பி மறுபுறமும் செல்லட்டும். சேர்ந்தே சென்றால் எஞ்சினின் இரைச்சல் பாட்டில் கலக்கும்.

ஆம்ப்ளிஃபயரை இயக்கும் மெல்லிய 'ரிமோட்' கம்பியை ஸ்டீரியோவுடனேயே இணைக்கவேண்டும். நேரே பேட்டரியில் கொடுத்தால் அது ஒருபோதும் அணையாது. கார் பேட்டரிகளில் பெயர்பெற்ற அமரானைத் தயாரிக்கும் அமர ராஜா நிறுவனம், 1985இல் தொடங்கித் திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் வளர்ந்தது. ஆனால் எந்நிறுவனத்தின் பேட்டரியும் இவ்விரயத்தைத் தாங்காது. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு 5 ஆம்பியர் வீதம் நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்டால் பாதிக்குமேல் தீர்ந்துவிடும். பிறகு அலிபிரியில் காரைத் தள்ளவேண்டியதுதான்.

பொருத்தியபின் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, கார்க் காப்பீட்டை வழங்கிய நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பின்னர்ச் சேர்த்த மின்சாதனங்களின் மதிப்பைப் பாலிசியில் தனியே குறிப்பித்து, அதற்குரிய கூடுதல் பிரீமியம் செலுத்தினாலன்றி, அவை களவுபோனால் இழப்பீடு கோர இயலாது.