பிடியை உடைக்கும் கலை பிறந்தது எங்கே?

கேள்வி: என் மகள் போகும் தற்காப்பு வகுப்பை ஒருநாள் ஜூடோ என்கிறார்கள், மறுநாள் ஜூஜுத்சு என்கிறார்கள். எது சரி? இதன் பூர்வீகம் என்ன?
– வாசகி ஒருவர், வீராம்பட்டினம்

பதில்: இரண்டும் சரிதான். ஜூஜுத்சுவிலிருந்து வந்ததே ஜூடோ. போர்க்களத்தில் வாளை இழந்த சாமுராய்க்கு எதிரே நிற்பவன் கவசம் அணிந்தவன். அவனைக் குத்தி என்ன பயன்? பிடித்துச் சாய்க்க வேண்டும், மூட்டை மடக்க வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் ஜூஜுத்சு. அதன் பழைய பள்ளிகளில் ஒன்றான தகெனொஉச்சி மரபு தன் தொடக்கத்தை 1532 என்று சொல்கிறது.

1876-இல் ஜப்பானிய அரசு பொது இடங்களில் வாள் ஏந்தத் தடை போட்டது. சாமுராய்கள் காலம் முடிந்தது, பழைய பள்ளிகளும் நொடித்துப்போயின. பலசாலிப் பையன்களிடம் அடிபட்டு வளர்ந்த ஜிகோரோ கானோ என்ற மெலிந்த இளைஞர் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களைத் தேடிப் போய்க் கற்றார். 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய்களை விரித்து, 9 மாணவர்களோடு கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அங்கே அவர் ஜூஜுத்சுவிலிருந்து உருவாக்கியதே ஜூடோ. உயிருக்கு ஆபத்தான அடிகளை மோதல் பயிற்சியிலிருந்து விலக்கினார். அதனால் மாணவர்கள் முழு பலத்தோடு மோதிப் பழக முடிந்தது. உண்மையான எதிர்ப்பைச் சந்தித்துப் பழகிய உடம்புதான் ஆபத்தில் கைகொடுக்கும்.

ஜூஜுத்சுவிலிருந்து பிறந்த இன்னொரு கலை அய்கிடோ. மோரிஹெய் உஎஷிபா என்பவர் டைட்டோ மரபு ஜூஜுத்சுவைக் கற்று அதை உருவாக்கினார். கத்தி, தடி, துப்பாக்கி ஏந்தி வருபவனைச் சமாளிக்கும் முறைகளையும் சேர்த்து, 21 உத்திகள் கொண்ட தற்காப்புத் தொகுப்பை 1956-இல் கோடோகான் வகுத்தது. இன்றைய தற்காப்பு வகுப்புகள் பலவற்றின் வேர் இங்கேதான்.

கேள்வி: காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோன கலைதானே இது?
– வாசகர் ஒருவர், அரியாங்குப்பம்

பதில்: கேட்க இனிக்கிறது, ஆதாரம்தான் இல்லை. போதிதர்மர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி தந்தார் என்ற கதை, அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிற்பட்ட 17-ஆம் நூற்றாண்டுச் சீன நூலில்தான் தலைகாட்டுகிறது. சிலம்பமும் குத்துவரிசையும் வர்மமும் உள்ள நமக்கு இரவல் பெருமை தேவையில்லை.

இந்தக் கலைக்கும் நமக்கும் உள்ள உண்மையான தொடர்பு வேறு பக்கம் இருக்கிறது. 1905-இல் ரஷ்யாவை ஜப்பான் வென்றதும் உலகமே ஜப்பானியக் கலைகளைத் திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு பாரிஸ் அருகே, ஜூஜுத்சு கற்ற ரே-நியே என்ற பிரெஞ்சுக்காரர், ழோர்ழ் துபுவா என்ற தேர்ந்த சண்டைக்காரரைச் சில நொடிகளில் பணியவைத்தார். அதே ஆண்டு ஜின்னோசுகே சானோ என்ற ஜப்பானியர் சாந்திநிகேதனில் ஜூஜுத்சு கற்பிக்க வந்தார். அவரை வரவழைத்தவர் தாகூர். இன்று நம் பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமத்தில் ஜூடோவும் ஆரோவில்லில் அய்கிடோவும் பயில்கிறார்கள்.

கேள்வி: பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். என்ன சொல்வது?
– வாசகி ஒருவர், நல்லவாடு

பதில்: பெண்பிள்ளைக்குத்தான் இது முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள். லண்டனில் வாக்குரிமைக்குப் போராடிய பெண்களுக்கு ஜூஜுத்சு கற்றுத்தந்த எடித் காரட் ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். 1929-இல் ஷின்சோ தகாகாகி என்ற ஜப்பானிய ஜூடோ ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்தபோது மாணவிகளும் கற்றார்கள். அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் அங்கே ஜூடோ பயின்றவர்.

பலம் குறைந்தவர் பலசாலியின் பிடியிலிருந்து விடுபடும் சூட்சுமத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒருவர் உங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கட்டும். பின்னால் இழுத்தால் பலசாலி ஜெயிப்பார். அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். பிடியில் பலவீனமான இடம் அதுதான். மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அங்கே திருப்பி, ஓரடி நெருங்கி, முழங்கையை மடக்கி எடுங்கள். நான்கு விரல்களோடு மோதாமல் ஒரு கட்டைவிரலோடு மட்டும் மோதுகிறீர்கள். அலை தணியும் நேரம் பார்த்துப் படகை இறக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் போதாது, கை தானாகச் செய்யும்வரை பழக வேண்டும். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் வாரங்களில் மாஸ்டர் என்ன சொல்லித்தருகிறார் என்று பாருங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையில் படாமல் விழுவது எப்படி என்று தொடங்கினால் நல்ல ஆசிரியர். எடுத்த எடுப்பில் தூக்கி எறியக் கற்றுக்கொடுப்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.