மண்டபக் கரையும் ஆப்பிள் மரமும்

இராமநாதபுரம் சீமையில் விற்கும் ஆப்பிள் தூரத்து மலைநாடுகளிலிருந்து வருவது. ஆகையால் விலையும் அதிகம். அதை மண்டபத்திலேயே பயிரிட்டால் லாபம் கிட்டாதா என்ற எண்ணம் குடியானவருக்கு எழுவது இயல்பே. ஆனால் சங்கத்தில் கடன் பெற்று ஒட்டுக்கன்று வாங்குமுன் அம்மரத்தின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

1. பிறப்பிடம்

ஆப்பிளின் தாயகம் மத்திய ஆசியாவிலுள்ள தியான்ஷான் மலைச்சாரல். கஜகஸ்தான் தேசத்தில் அதன் காட்டு மரங்கள் இன்றும் உள்ளன. 1929-ம் வருஷத்தில் அவற்றைப் பார்வையிட்ட ருஷ்ய தாவர சாஸ்திரி வவிலாவ், இதுவே பிறப்பிடம் எனக் கருதினார். பிற்காலத்து மரபணு ஆராய்ச்சி அதை உறுதி செய்தது. வணிகர் கூட்டங்கள் வழியே இம்மரம் மேல்நாடுகளை அடைந்தது. விதையில் முளைக்கும் ஆப்பிள் தாய்மரத்தின் குணத்தைக் கொள்வதில்லை. ஆதலால் நம் மாமரத்தைப் போலவே அதுவும் ஒட்டுக்கட்டி வளர்க்கப்படுகிறது.

2. இந்தியாவில் பரவிய விதம்

குலு பள்ளத்தாக்கில் 1870-ம் வருஷ வாக்கில் காப்டன் லீ என்பவர் இங்கிலாந்து வகைகளை நட்டார். அவற்றின் புளிப்பு நம்மவர் நாவுக்கு ஏற்கவில்லை. அமெரிக்காவிலிருந்து 1904-ல் வந்து, சிம்லா மலையிலுள்ள கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916-ல் ‘ரெட் டெலிஷஸ்’ என்னும் இனிப்பு வகையைத் தம் நிலத்தில் பயிரிட்டார். அது நன்கு பலன் தரவே, அண்டை விவசாயிகளுக்கும் கன்றுகளை அளித்து முறையைக் கற்பித்தார். கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைத்த அம்மலைவாசிகள் நாளடைவில் தோட்டக்காரர் ஆயினர். முதலில் சோதனை, பிறகே பரவுதல் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில், சுமார் 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் ‘பார்லின்ஸ் பியூட்டி’, ‘ஐரிஷ் பீச்’ முதலிய வகைகள் விளைகின்றன.

3. குளிரின் கணக்கு

ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். பெரும்பாலான வகைகளுக்கு, பாரன்ஹீட் 45 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிர் ஏறக்குறைய 1,000 மணி நேரம் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும். குளிர் போதாவிடில் மரம் வளர்ந்தாலும் பூப்பது குறையும், காய்ப்பும் குறையும்.

இஸ்ரவேலில் உண்டான ‘அன்னா’ போன்ற சில வகைகளுக்குக் குறைந்த குளிரே போதும். ஜாவா தீவில் பட்டு என்னும் மலையூரில், அறுவடைக்குப் பின் இலைகளைக் கையால் உருவிவிட்டு, உறக்கமின்றியே மரத்தைப் பூக்கச் செய்கின்றனர். ஆனால் அவ்வூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி மேலே உள்ளது. மண்டபமோ இருபுறமும் கடல் சூழ்ந்த தாழ்ந்த மணல் நிலம். மார்கழி இரவிலும் வெப்பம் 68 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. உப்புக்காற்றும் உவர்நீரும் ஆப்பிளுக்குப் பகை.

4. இக்கரைக்கு உரிய மரங்கள்

பனை நீர் பாய்ச்சாமலே நிற்கும். பலனுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும் என்பது உண்மையே. எனினும் பதநீர், நுங்கு, கருப்பட்டி, கிழங்கு, ஓலை என ஒவ்வொன்றும் வருவாய். ஒட்டு இலந்தை வறட்சியையும் உவரையும் பொறுத்து இரண்டு மூன்று வருஷங்களில் காய்க்கும். ஓரளவு நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் சப்போட்டாவும் வரும்.

சங்க நிர்வாகிகள் எப்புதுப் பயிருக்கும் கடன் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். அதன் பிறந்த நிலம் எது? இவ்வூரையொத்த நிலத்தில் அது காய்த்ததை நேரில் கண்டவர் உண்டா? இரண்டொரு கன்றுகளை வைத்துச் சோதித்தாயிற்றா? இவற்றுக்குத் திருப்தியான விடை கிடைக்குமளவும் அங்கத்தினர் பணம் சங்கத்திலேயே இருப்பது நலம்.