முகம் காட்டினால் முதல் பெருகுமா?

சொந்தத் தொழில் தொடங்க முற்படும் இளைஞர்களில் யாரைக் கேட்டாலும், வேதவாக்கைப்போல் ஒரே பேச்சைத்தான் ஒப்பிக்கிறார்கள்: "சரக்கை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், முதலாளியின் முகம்தான் பிராண்டு, தினம் ஒரு ரீல்ஸ் போடாதவன் பிழைக்க முடியாது." பர்சனல் பிராண்டிங் என்ற பெயரில் பயிற்சி வகுப்புக்காரர்கள் கட்டணம் வசூலித்துப் பரப்பிவரும் இந்தப் பிரமையை, வங்கியின் தொழிற்கடன் பிரிவில் உத்தியோகம் பார்த்த நான் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

இவர்கள் திருஷ்டாந்தமாக முதலில் இழுப்பது வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரை. பத்திரிகை விளம்பரங்களில் வந்த அவருடைய சிரித்த முகம் தமிழகம் அறிந்ததுதான். ஆனால், 1978இல் தம் கடையைத் திறப்பதற்கு முன்பே, தவணை வியாபாரத்துக்குப் பெயர்போன வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து அவர் தொழில் பழகியவர் என்பதையும், மொத்தப் பணம் புரட்ட இயலாத மாதச் சம்பளக்காரனுக்கு அவர் கடைதிறந்து கொடுத்தது தவணை வசதி என்பதையும் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. மின்விசிறியையும் டி.வி.யையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தத் தவணையே ஒழியச் சிரிப்பு அல்ல.

இதற்கு நேர்மாறான பரீட்சையும் நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. 1981இல் சென்னை கே.கே. நகரில் சரவண பவனைத் தொடங்கிய பி. ராஜகோபால் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார்; 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முதலாளியின் முகமே பிராண்டு என்பது மெய்யானால், அன்றே அந்த ஓட்டல்களில் இலை போட ஆளில்லாமல் போயிருக்க வேண்டும். ஜனங்களோ வழக்கம்போல் சாம்பாரில் இட்லியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். நம் நீதியுணர்ச்சிக்கு இது பெருமை சேர்க்கும் விஷயமல்ல. வியாபாரத்தின் சுபாவத்தை இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டுவதும் வேறில்லை.

கடன் விண்ணப்பங்களோடு, வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட சுயபுராணம் ஒன்று சேர்ந்தே வரும்: மேடையில் மைக் பிடித்த படம், பிரமுகரோடு கைகுலுக்கும் படம், பாலோயர்ஸ் எத்தனை ஆயிரம் என்ற கணக்கு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்டைத்தான் நான் புரட்டுவேன். ஐந்தாம் தேதி திரும்பிய காசோலை, அதன் கீழே அதற்கான அபராதம், இருபதாம் தேதி அதே பார்ட்டிக்கு அதே தொகை என்று வரிசையாக மூன்று வரிகள் இருந்தால், அந்த மனிதரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும், ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் காட்டிய விற்பனையும் எங்களுக்குத் தரும் ஸ்டாக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மிச்சமும் தெரிந்துவிடும்.

சில்லறை நம்பிக்கைகள் இன்னும் சில உண்டு. பாலோயர்ஸ் எல்லாரும் வாடிக்கையாளர்கள் என்பது ஒன்று. வேடிக்கை பார்க்கக் காசு வேண்டாம், அவ்வளவுதான் விஷயம். முகம் தெரியாதவன் பெரிய ஆளாக முடியாது என்பது இன்னொன்று. 1970இல் தொடங்கிய அருண் ஐஸ்கிரீமைச் சுவைத்தவர்களில், அதைத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகனை வீதியில் கண்டால் அடையாளம் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? என் பெயர் எனக்குத்தானே சொந்தம், அதை வணிகச் சின்னமாகப் பதிவு செய்வது எதற்கு என்பது மற்றொன்று. அதே பெயருள்ள மற்றொருவர் நேர்மையாகத் தம் பெயரில் வியாபாரம் செய்வதை, 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி, பதிவு செய்தவர்கூடத் தடுக்க முடியாது; ஆகையால் சரக்குக்குத் தனிப்பெயர் சூட்டிப் பதிவு செய்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே விவேகம்.

கீர்த்தி வேண்டாம் என்று நான் உபதேசிக்கவில்லை. அது பிறர் வாயால், முக்கியமாக நம்மிடம் பணம் வாங்க வேண்டியவர்கள் வாயால், வரட்டும் என்கிறேன். ரீல்ஸ் எடுக்க ஆள் அமர்த்தி மாதாமாதம் சம்பளம் கொடுக்கும் அதே முதலாளி, லேபிள் அடித்துக் கொடுத்த அச்சகத்தாரை நான்கு மாதம் நடையாய் நடக்கவைக்கிறார். பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றும் 2006ஆம் ஆண்டின் சட்டம் விதித்திருப்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாரா? படப்பிடிப்பை இந்த மாதம் நிறுத்திவைத்து, முதலில் அந்த அச்சகத்தாரின் பில்லைத் தீர்க்கட்டும்.