டேக்-ஹோம் அசைன்மென்ட்: கோடு யாருக்குச் சொந்தம்?

இன்டர்வியூவில் "நாலு மணி நேர வேலைதான்" என்று ஒரு அசைன்மென்ட் தருவாங்க. லாகின், டேட்டாபேஸ், டெஸ்ட் எல்லாம் கேட்டிருந்தால் சனி, ஞாயிறு காலி. கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்து முடிச்சு அனுப்புவீங்க. பதிலே வராது.

அந்தக் கோடு யாருடையது? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான் (நம்புங்க!). பிரிவு 17: எழுதியவரே முதல் உரிமையாளர். ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குப் போகும். நீங்க இன்னும் ஊழியரே இல்லையே!

பிரிவு 19: உரிமை கைமாற எழுத்தில் கையெழுத்து வேண்டும். அதனால் அவங்க அனுப்புற ஃபாரத்தை முழுசாப் படிச்சிட்டு சைன் பண்ணுங்க. ரீட்மீயில் உங்க பெயர், தேதி போடுங்க. ஐடியாவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுதின கோடுக்கு மட்டும்தான்.